யூனிக்ஸின் மௌனமும் அதற்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளும்

கணினியின் நினைவகம், வட்டு, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகியவற்றை நிர்வகித்து, அவற்றின் துணைகொண்டு பிற நிரல்கள் இயங்க வழிசெய்யும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படுகிறது. புதிய இயங்குதளம் ஒன்றை எழுதுவோருக்கு அதன் மூலைமுடுக்குகள் அனைத்தும் பழகிப்போய்விடுவதால், அதை முதன்முதலாகத் தொடுபவர் எந்த இடத்தில் திகைத்து நிற்பார் என்பது அவர்கள் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. தொடக்கநிலைப் பயனருக்கான வழிகாட்டியை எழுதுவது, மென்பொருளை எழுதுவதிலிருந்து வேறுபட்ட தனிக்கலையாவது இதனால்தான். அந்தக் கலை எவ்வாறு உருப்பெற்றது என்பதை அறிய, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரி ஹில் என்னுமிடத்தில் அமைந்த பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் முதல் பத்தாண்டுகள் நல்ல சான்று.

1969-இல் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்ச்சி ஆகியோர் ஒரு சிறிய கணினியில் தொடங்கிய யூனிக்ஸ், 1971-இன் பிற்பகுதியில் அதே நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த மூன்று தட்டச்சாளர்களின் அன்றாட வேலைக்கருவியாக மாறியது. காப்புரிமை விண்ணப்பங்களை அடித்து, திருத்தி, அச்சுக்கு ஒழுங்குசெய்த இவர்கள் நிரலர்கள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதியிட்ட முதல் கையேடு, துறைத்தலைவர் டக் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் தாம்ப்சனும் ரிட்ச்சியும் எழுதியதாகும். கட்டளை ஒவ்வொன்றுக்கும் அதன் பெயர், எழுதும் முறை, செயல், தொடர்புடைய கோப்புகள், பொறுப்பாளர் ஆகியவற்றைத் தந்ததோடு, அறியப்பட்ட குறைகளுக்கும் அக்கையேடு தனித்தலைப்பு ஒதுக்கியது. தம் படைப்பின் பழுதுகளைத் தாமே அச்சிட்டுக் கொடுத்த அந்த நேர்மை பெரிதும் பாராட்டத்தக்கது. ஒரு வசதியை விளக்கி எழுத முயலும்போது விளக்கம் சிக்கலாக வந்தால், விளக்கத்தை நீட்டாமல் நிரலையே எளிமையாக்கும் பழக்கமும் அக்குழுவினரிடையே வேரூன்றியது.

ஆயினும் அது ஒரு குறிப்புக் கையேடு. அதாவது, தேடும் பொருளின் பெயரை முன்பே அறிந்தவருக்கு உதவும் அகரவரிசைத் தொகுப்பு. கோப்பை நீக்கும் கட்டளையின் பெயரே தெரியாதவருக்கு அகரவரிசையால் எப்பயனும் இல்லை. இதனுடன் யூனிக்ஸின் இயல்பும் சேர்ந்துகொண்டது. அக்காலத்தில் பயனர் அமர்ந்த முனையங்கள் திரையற்றவை. வினாடிக்கு 10 அல்லது 15 எழுத்துகளே காகிதத்தில் அடிக்கக்கூடிய தொலைத்தட்டச்சுப் பொறிகள். ஆகவே மிகக் குறைவாகப் பேசும் முறை யூனிக்ஸில் நிலைபெற்றது: கோப்பை நகலெடுக்கும் கட்டளை வெற்றி பெற்றால் எச்செய்தியும் வராது, பிழை நேர்ந்தால் மட்டுமே செய்தி வரும். பழகியவருக்கு இந்த மௌனம் 'எல்லாம் சரி' என்பதன் அடையாளம். புதியவருக்கோ பொறி பழுதாகிவிட்டதோ என்னும் ஐயம். பொறி பேசாத இடத்திலெல்லாம் வழிகாட்டி பேசியாக வேண்டும் என்பதே இத்தகைய எழுத்தின் முதற்கடமை.

அக்கடமையை நன்குணர்ந்தவர் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த பிரையன் கெர்னிகன். 1970-களில் அவர் எழுதி, 1978-இல் திருத்திய 'யூனிக்ஸ் ஃபார் பிகினர்ஸ்' என்னும் சிறு வழிகாட்டி, இயங்குதளத்தின் உள்ளமைப்பை விளக்குவதில் தொடங்கவில்லை. பயனர் முனையத்தின் முன் அமரும் நொடியில் தொடங்குகிறது. கடவுச்சொல்லை அடிக்கும்போது காகிதத்தில் எதுவும் பதியாது என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அடித்துப் பார்க்க அது தரும் முதல் கட்டளை, நாளையும் நேரத்தையும் காட்டும் 'டேட்'. எதையும் கெடுக்காததும் உடனே விடை தருவதுமான கட்டளை அது. உள்நுழைந்திருப்போரைக் காட்டும் 'ஹூ' என்பதைத் தவறுதலாக 'ஹூம்' என அடித்தால், அப்படி ஒன்று இல்லை என்று பொறி சொல்லும் என்பதையும் அது எடுத்துக்காட்டுகிறது. பிழை செய்தாலும் உலகம் இடிந்துவிடாது என்பதை முதல் சில நிமிடங்களிலேயே பயனருக்கு உணர்த்திவிடும் இந்த உத்தி, பல பக்க ஆறுதல் மொழிகளைவிடப் பயனுள்ளது. காகிதத்தில் பதிந்த எழுத்தை அழிக்க முடியாதாகையால், '#' குறியை அடித்தால் முந்தைய எழுத்து நீக்கப்பட்டதாகப் பொறி கொள்ளும் என்ற மரபும் அங்கே விளக்கப்படுகிறது: டி, ஏ, எஸ், #, டி, இ என்று அடித்தவருக்குக் காகிதத்தில் குழப்பமான வரி தெரிந்தாலும், பொறி 'டேட்' என்றே படித்துக்கொள்ளும்.

கெர்னிகனின் மற்றொரு பயிற்றுரை 'எட்' என்னும் உரைத்தொகுப்பியைப் பற்றியது. உரையை அடித்துத் திருத்த உதவும் அந்நிரலுக்கு இரு நிலைகள் உண்டு. ஒன்றில் அடிப்பவை கட்டளைகளாகவும் மற்றொன்றில் அடிப்பவை உரையாகவும் கொள்ளப்படும். 'ஏ' என்னும் எழுத்தை அடித்தால் உரை சேர்க்கும் நிலை தொடங்கும். தனிவரியில் ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் இட்டால் அது முடியும். முற்றுப்புள்ளியை மறந்தவர் அடுத்து அடிக்கும் கட்டளைகளெல்லாம் கட்டுரையின் வரிகளாகவே சேர்ந்துகொண்டிருக்க, நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. கட்டளை நிலையில் பிழை செய்தாலும் அது தரும் விடை '?' என்ற ஒற்றைக் குறிதான். அனுபவமுள்ளவர்களும் இப்புள்ளியை மறப்பதுண்டு என்று கூறும் கெர்னிகன், நிரல் கண்டுகொள்ளாததுபோல் தோன்றினால் தனிவரியில் ஒரு புள்ளியிட்டுப் பார்க்குமாறு அறிவுறுத்துகிறார். பயனருக்குத் தெரிவது காரணம் அன்று, அறிகுறி மட்டுமே. அறிகுறியிலிருந்து தொடங்கி மீளும் வழியைக் காட்டுவதால்தான் அந்த ஒரு குறிப்பு இவ்வளவு சிறப்புடையதாகிறது.

1979-இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு, குறிப்புக் கையேட்டை முதல் தொகுதியாகவும் இத்தகைய பயிற்றுரைகளை உள்ளடக்கிய கட்டுரைகளை இரண்டாம் தொகுதியாகவும் பிரித்தே வழங்கியது. கெர்னிகனும் மைக் லெஸ்க்கும் உருவாக்கிய 'லேர்ன்' என்னும் நிரல், பயனரை உண்மையான கட்டளைகளையே அடிக்கச்செய்து விடையைச் சரிபார்த்தது.

எழுத்தாளரின் உள்ளுணர்வாக இருந்ததை ஆய்வு முறையாக்கியவர் ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஜான் கேரல். 1980-களில், சொற்செயலி கற்கவந்தோரைத் தம் எண்ணங்களை உரக்கச் சொல்லியபடியே வேலை செய்யச்சொல்லி அவர் குழு கவனித்தது. கற்போர் கையேட்டை வரிசையாகப் படிக்காமல், முன்னுரைகளைத் தாண்டிச்சென்று, உடனே ஏதேனும் செய்து பார்க்கவே விரும்பினர். ஒரு சிறு பிழை நேர்ந்ததும், அதற்குப் பிந்தைய அறிவுரைகள் எவையும் அவர்கள் முன்னிருந்த நிலைக்குப் பொருந்தாமல் போயின. இதன் அடிப்படையில் அவர் வகுத்த 'குறைந்தபட்சக் கையேடு', மரபான கையேட்டைவிட மிகச் சுருக்கமானது. முன்னுரைகளும் மேலோட்டங்களும் அதில் நீக்கப்பட்டன. பயனர் உண்மையில் செய்ய விரும்பும் வேலைகளே தலைப்புகளாயின. பிழையை அறிந்து மீளும் முறை, பின்னிணைப்புக்குத் தள்ளப்படாமல், அப்பிழை நேரக்கூடிய படியின் அருகிலேயே வைக்கப்பட்டது.