உடன்புனைவின் இலக்கணம்

இசையை யாத்தலும் இசைத்தலும் பொதுவாக இருவேறு செயல்கள். அவையிரண்டும் ஒரே பொழுதில் ஒருவரிடத்தே, திரும்பிச் சென்று திருத்தும் வாய்ப்பின்றி நிகழ்வதை உடன்புனைவு எனலாம். எழுதிய இசைக்கு அணிகூட்டுதல் அதன் எளிய வகை. பெருங்குழு இசையின் நடுவே தனியிசைஞருக்கென விடப்பட்ட இடத்தை நிரப்புதலும், கொடுத்த மெட்டைப் பலவாறு திரித்துக் காட்டுதலும் அதனினும் அரியவை. இவற்றின் எல்லைமுனையில் நிற்பது, முன்வரைவு ஏதுமின்றி முதலொலி தொட்டு ஈற்றொலி வரை அப்பொழுதே பிறக்கும் கட்டற்ற உடன்புனைவு. கட்டற்றது என்பதனாலேயே அதனை ஒழுங்கற்றது எனக் கொள்வார் உளர். ஐரோப்பியச் செவ்விசையில் தேர்ந்து, பியானோவில் இக்கலைக்கே தம்மை ஒப்படைத்துக்கொண்ட காப்ரியேலா மொண்டேரோவின் வாழ்வும், அவர் மூளையை ஆய்ந்தோர் கண்டவையும் அக்கருத்தை மறுக்கின்றன.

கருவியின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். ஏறத்தாழ 1700ஆம் ஆண்டில், இத்தாலியின் புளோரன்சு நகரில் பார்த்தலோமியோ கிறித்தோபோரி ஆக்கிய பியானோவில், விரல் கட்டையை அழுத்த, நெம்புகளின் வழியே சுத்தியல் எழுந்து கம்பியை அடிக்கிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே சுத்தியல் விரலின் ஆட்சியிலிருந்து விடுபட்டுவிடுவதால், எழுந்த ஒலியைப் பின்னர் வலுப்படுத்தவோ வளைக்கவோ எவராலும் இயலாது. இன்றைய கருவியின் 88 கட்டைகள், நொடிக்கு 27.5 அதிர்வு முதல் ஏறத்தாழ 4,186 அதிர்வு வரை, படிதோறும் 1.0595 மடங்காக ஏறிச் செல்கின்றன. இரு படிகளுக்கு இடையே கால்வைக்க இடமில்லை. எந்தக் கட்டை, எப்பொழுது, எவ்வளவு விரைவில், எத்துணை நேரம் என்னும் நான்கோடு, மிதிகளின் துணையும் மட்டுமே இசைஞருக்கு உரியவை. பிழைபட எழுந்த ஒலியை மீட்க முடியாது; ஆயினும், அடுத்து வரும் ஒலிகள் அதற்குப் புதுப்பொருள் தர முடியும். பொருந்தாது நின்ற ஒலியிலிருந்து அரைப்படி இறங்கி இணக்கமான ஒலியில் அமர்ந்தால், முன்னது பிழையென்னும் பெயர் நீங்கி ஏக்கமூட்டும் தாங்கலாகிவிடுகிறது. இவ்வாறு வருவதைக் கொண்டு சென்றதற்குப் பொருள் அமைப்பதே உடன்புனைவு இலக்கணத்தின் உயிர் என்பது என் துணிபு.

இனி, விரைவு பற்றியது. 1951இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அமெரிக்க உளவியலறிஞர் காரல் லாசுலி, இசைஞரின் விரலடிகள் நொடிக்கு 16 வரை எட்டலாம் எனக் குறித்து, ஓரடியின் உணர்வு மூளையை அடைந்து மறுஅடிக்கான ஏவல் திரும்பி வர அவ்விடைவெளி போதாது என நிறுவினார். அசைவுகள் ஒன்றையொன்று தூண்டுவன அல்ல. அவை தொகுதிகளாக முன்னரே வகுக்கப்பெற்று வெளிப்படுகின்றன. எனவே, விரைந்து செல்லும் இடங்களில் உடன்புனைவாளர் தனித்தனி ஒலிகளைத் தேர்வதில்லை. நெடுநாட் பயிற்சியால் கைக்குள் குடியேறிய தொகுதிகளை அழைத்து, அவை செல்லவேண்டிய திசையை மட்டுமே அவர் தேர்கிறார். சேமிப்பில்லாதவருக்கு இக்கலை இல்லை.

இச்சேமிப்பைக் கற்பிக்கும் முறைகளை ஐரோப்பா நன்கு அறிந்திருந்தது. நேப்பிள்சு நகரின் இசைப்பள்ளிகளில் மாணவருக்குக் கீழ்க்குரல் வரியொன்று மட்டுமே தரப்படும். மேற்குரல்களை அவர்களே கருவியில் அப்போதைக்கப்போது அமைத்தல் வேண்டும். கார்ல் பிலிப் இம்மானுவேல் பாக் 1762இல் வெளியிட்ட தம் நூலின் இறுதி இயலைக் கட்டற்ற புனைவுக்கே ஒதுக்கி, எண்கள் இட்ட கீழ்க்குரல் வரியை எலும்புக்கூடாகவும், அதன்மேல் எழுந்த முழு இசையை உடலாகவும் அருகருகே காட்டினார். அவர் தந்தையார் யோகான் செபாத்தியன் பாக் 1747இல் போட்சுடாம் அரண்மனையில், மன்னர் இரண்டாம் பிரெடரிக் தந்த மெட்டின்மேல், குரல்கள் ஒன்றையொன்று தொடரும் மூன்றுகுரல் துரத்திசையை அங்கேயே புனைந்தார். அதே மெட்டுக்கு ஆறுகுரல் வேண்டப்பட்டபோதோ, அதனைப் பின்னர் எழுதியே அனுப்பினார். உடன்புனைவு எங்கே நின்றுகொள்ளும், எழுத்து எங்கே தொடங்கும் என்பதற்கு இதனினும் தெளிவான அளவுகோலை நான் அறியேன்.

பின்னர் எழுத்தே வென்றது. உடன்புனைவில் பெரும்புகழ் பெற்றிருந்த பீத்தோவனே 1809இல் யாத்த தம் ஐந்தாம் பியானோப் பேரிசையில், தனியிசைஞர் சொந்தமாக எதையும் புகுத்தாது தாம் எழுதியதையே தொடர வேண்டுமெனக் குறிப்பு எழுதினார். தேவாலய ஆர்கன் இசைஞர் மட்டும் பழைய வழக்கைக் கைவிடவில்லை. பியானோ அரங்குகளிலோ அது மெல்லத் தேய்ந்தது.

1970இல் வெனிசுவேலாவின் காரகாசு நகரில் பிறந்த மொண்டேரோ, 1995இல் வார்சாவின் சோபின் போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றவர். எழுத்திசையில் குறைவுடையவர் அல்லர். பியானோ வல்லுநர் மார்த்தா ஆர்கெரிச் தந்த ஊக்கத்தால், குழந்தைப் பருவந்தொட்டுத் தம்மிடம் இருந்த உடன்புனைவை அரங்குக்குக் கொண்டுவந்தார். அவையோரில் ஒருவரை ஒரு மெட்டுப் பாடச் சொல்லி, அதனைக் கட்டைகளில் ஒருமுறை தேடிப் பார்த்து, பின் யோகான் செபாத்தியன் பாக்கின் நடையிலோ தாங்கோ ஆட்டத்தின் நடையிலோ வளர்த்தெடுப்பது அவர் வழக்கம்.

செயற்பாட்டுக் காந்த ஒத்ததிர்வுப் படமாக்கத்தால், புனையும் மூளையைக் காண முடிகிறது. 2008இல் சார்லசு லிம், ஆலன் பிரான் இருவரும் ஆறு சாசு (ஜாஸ்) பியானோ இசைஞரை ஆய்ந்தபோது, தன்னைக் கண்காணித்துத் திருத்துவதோடு தொடர்புடைய நெற்றிமடலின் பக்கப்பகுதிகள் அடங்க, அதன் நடுப்பகுதி கிளர்ந்தது. 2020இல் வெளிவந்த ஆய்வில் லிம்மும் குழுவினரும் மொண்டேரோ ஒருவரையே ஆய்ந்தனர். அவர் அரைப்படி ஏற்றவரிசையைத் திரும்பத் திரும்ப இசைத்தார், நினைவிலிருந்த ஆக்கமொன்றை இசைத்தார், பின்னர் உடன்புனைந்தார். புனைகையில் செவிப்புலன், இயக்கம், நெற்றிமடல், உச்சிமடல், உணர்ச்சி ஆகியவற்றுக்குரிய பகுதிகளோடு, பார்வைக்குரிய பிடரிமடலும் கிளர்ந்தெழுந்தது. ஓய்வில் தானே இயங்கும் இயல்புநிலை வலையமும் இதில் பங்கேற்றது. ஒருவரிடம் கண்டதை எல்லார்க்கும் பொதுவாக்கலாகாது என ஆய்வாளரே வரையறுத்துள்ளனர். ஆயினும், பல மூளைகளின் நிரவலில் கரைந்துவிடக்கூடிய ஒருவரின் தனித்தன்மையைக் காண இவ்வழியே தக்கது. ஏற்றவரிசையும் மனப்பாடமும் புனைவும் அதே கைகளிலிருந்தே வந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டியது மூளையின் படம்.