39 டாலர் 60 சென்ட் காதல்

வீட்டைவிட்டு ஓடிப்போன மகளைக் கண்டுபிடித்துத் தருபவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு என்று அறிவித்திருக்கிறார் ஒரு கோடீஸ்வரர். அந்த மகளோடு பேருந்திலும் நடந்தும் பயணம் செய்த செய்தியாளர் ஒருவர் அவரைத் தேடி வருகிறார். பரிசுத் தொகை தமக்கு வேண்டாம் என்கிறார். வழியில் தமக்கான செலவு 39 டாலர் 60 சென்ட். அதை மட்டும் கொடுத்தால் போதும் என்கிறார். பத்தாயிரத்தை மறுத்துவிட்டு முப்பத்தொன்பதுக்கு வாதாடும் மனிதர், தம் மகளை உண்மையாகவே நேசிக்கிறார் என்று தந்தை ஊகித்துக்கொள்கிறார்.

பிராங்க் காப்ரா இயக்கத்தில் கிளார்க் கேபிள், கிளாடெட் கோல்பெர்ட் நடித்து 1934-ஆம் ஆண்டில் வெளியான 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படத்தின் இறுதிப் பகுதி இது. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து முதன்மை ஆஸ்கர் விருதுகளையும் ஒருசேர வென்ற முதல் படமும் இதுவே. சென்னை ஏவி.எம். நிறுவனம் ராஜ் கபூரையும் நர்கிஸையும் நடிக்க வைத்து 1956-இல் தயாரித்த 'சோரி சோரி' என்ற ஹிந்திப் படம் இக்கதையின் மறுவடிவம். ஹாலிவுட்டின் பழைய காதல் நகைச்சுவைப் படங்களைப் பார்த்திராதவர்களும்கூட அவற்றின் சாயலை எங்கேனும் பார்த்திருப்பார்கள்.

தொண்ணூறு ஆண்டுகளாகியும் இப்படங்கள் ஏன் அலுக்கவில்லை? இன்றைய கண்கொண்டு பார்க்கும்போது அவற்றில் உறுத்துபவை எவை? இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டியுள்ளது. ஏனெனில், இப்படங்களின் அழகும் குறையும் ஒரே மண்ணிலிருந்து முளைத்தவை.

அந்த மண் 1930-களின் பெருமந்தம். 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டிருந்தன. பெருமந்தம் குறித்து வகுப்பில் பாடம் நடத்திய காலத்தில், புள்ளிவிவர அட்டவணையால் உணர்த்த முடியாததை இப்படத்தின் பேருந்துக் காட்சி ஒன்று உணர்த்திவிடும். பயணிகள் எல்லாரும் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருக்கும்போது பசியால் ஒரு தாய் மயங்கி விழுகிறாள். இருந்த பணத்தையெல்லாம் பயணச்சீட்டுக்கே செலவழித்துவிட்டதாக அவளுடைய சிறுவன் அழுதுகொண்டே சொல்கிறான். நகைச்சுவைப் படத்தின் நடுவே பஞ்சம் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

இவ்வகைப் படங்களுக்கு 'ஸ்குரூபால்' நகைச்சுவை என்று பெயர். பேஸ்பால் ஆட்டத்தில் எதிர்பார்த்த திசைக்கு மாறாகத் திரும்பும் ஒருவகைப் பந்து வீச்சின் பெயர் அது. நம் கிரிக்கெட்டின் 'கூக்ளி' போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். பணக்காரப் பெண் பட்டினி கிடக்கிறாள். வேலையிழந்தவன் அவளுக்கு வாழ்க்கையைக் கற்றுத் தருகிறான். முறைப்படி நிச்சயிக்கப்பட்ட மணமகன் நிராதரவாக நிற்கிறான். உலகம் தலைகீழாகிக் கிடந்த காலத்தில், தலைகீழான கதைகளைக் கண்டு மக்கள் சிரித்தார்கள்.

இப்படங்களின் முதல் அழகு பேச்சு. 1927-க்குப் பிறகு திரைப்படம் பேசத் தொடங்கியதும், வசனம் எழுதத் தெரிந்தவர்களைத் தேடி ஹாலிவுட் நியூயார்க்கின் நாடக மேடைகளுக்கும் செய்தித்தாள் அலுவலகங்களுக்கும் ஆள் அனுப்பியது. ஐரோப்பாவிலிருந்து வந்த எர்ன்ஸ்ட் லூபிட்ஷ், பில்லி வைல்டர் போன்றவர்கள் வெளியார் கண்களுக்கே உரிய கூர்மையோடு அமெரிக்க வாழ்க்கையைப் பார்த்தார்கள்.

அதே சமயம் ஒரு பூட்டும் விழுந்தது. திரைத்துறை தனக்குத்தானே 1930-இல் வகுத்துக்கொண்ட ஒழுக்க விதிகள், ஜோசப் பிரீன் தலைமையில் 1934-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தன. கணவன் மனைவியைக்கூடப் பெரும்பாலும் தனித்தனிக் கட்டில்களில்தான் காட்ட முடிந்தது. தழுவல் தடைப்பட்டதும், அதன் வேலையைத் தர்க்கம் செய்ய வேண்டியதாயிற்று. காதலர்கள் ஒருவரையொருவர் வாயால் வென்றாக வேண்டும். பற்றாக்குறை சில வேளைகளில் புதிய உத்திகளைப் பிறப்பிக்கும் என்பது பொருளியல் மாணவர்கள் அறிந்ததே. காப்ராவின் படத்தில் ஒரே அறையில் தங்க நேரும் இருவருக்கும் நடுவே கயிற்றில் தொங்கவிடப்படும் கம்பளி, அந்தக் கட்டுப்பாட்டையே கதையின் சுவையாக மாற்றிவிடுகிறது.

இரண்டாவது அழகு, பெண்ணின் அறிவுக்குக் கிடைத்த மரியாதை. ஹோவர்ட் ஹாக்ஸ் 1940-இல் இயக்கிய 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1928-இல் அரங்கேறிய 'தி ஃபிரன்ட் பேஜ்' நாடகத்தில் ஆணாக இருந்த செய்தியாளர் பாத்திரத்தைப் பெண்ணாக மாற்றினார் ஹாக்ஸ். ரோசலிண்ட் ரஸ்ஸலும் கேரி கிராண்டும் ஒருவர் பேச்சு முடியும் முன்னரே மற்றவர் குறுக்கிடும் வேகத்தில் வாதாடுகிறார்கள். அவரை மீண்டும் மனைவியாக்கிக்கொள்ள முன்னாள் கணவர் விரும்புவதற்கு முதற்காரணம், அவரைப்போல் செய்தி எழுத வேறொருவர் இல்லை என்பதுதான்.

இப்படத்தையும் 'தி ஆஃபுல் ட்ரூத்', 'தி பிலடெல்பியா ஸ்டோரி' உள்ளிட்டவற்றையும் 'மறுமண நகைச்சுவை' என்று வகைப்படுத்தி, ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவல் 1981-இல் ஒரு நூல் எழுதினார். பிரிந்தவர்கள் மீண்டும் சேர்வதே இக்கதைகளின் மையம். திருமணம் என்பது ஒருநாள் சடங்கு அன்று. இருவரும் விரும்பி நடத்தும் தொடர் உரையாடல் என்பது அவருடைய விளக்கத்தின் சாரம்.

மூன்றாவது அழகு, உழைப்பவர்கள் மீதான பரிவு. லூபிட்ஷின் 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' (1940) புடாபெஸ்ட் நகரத் தோல்பொருள் கடை ஒன்றில் நடப்பது. நேரில் எந்நேரமும் சண்டையிடும் இரு விற்பனையாளர்கள், யாரென்று அறியாமலேயே கடிதங்களில் காதலிக்கிறார்கள். அந்தக் காதலைவிட மனத்தில் நிற்பது வேலை போய்விடுமோ என்ற அச்சம். 'உன் உண்மையான கருத்தைச் சொல்' என்று முதலாளி கேட்கும்போதெல்லாம் பிள்ளைகுட்டிக்காரரான ஓர் ஊழியர் சத்தமின்றி நழுவிவிடுவார். சிரிப்பை வரவழைக்கும் அந்த நழுவலில், தொழிலாளிக்குப் பேரம் பேசும் வலிமை இல்லாத ஒரு சந்தையின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது. இக்கதையே 1998-இல் கடிதங்களுக்குப் பதிலாக மின்னஞ்சலை வைத்து 'யூ ஹாவ் காட் மெயில்' என்று மறுபிறவி எடுத்தது.

இனி, செலவுப் பக்கத்துக்கு வருவோம்.

முதல் குறை, வறுமைக்கு இப்படங்கள் கண்ட மலிவான தீர்வு. 'மை மேன் காட்ஃபிரே' (1936) படத்தில் செல்வந்தர்கள் கேளிக்கைப் போட்டி ஒன்றுக்காகக் குப்பைமேட்டில் வாழும் வேலையற்ற மனிதர் ஒருவரைப் பிடித்துவருகிறார்கள். மனித அவலத்தை விளையாட்டுப் பொருளாக்கும் மேட்டுக்குடியினரை இதைவிடக் கூர்மையாகக் கேலி செய்ய இயலாது. ஆனால், படம் வளர வளர அம்மனிதர் உண்மையில் பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் என்று தெரியவருகிறது. குப்பைமேட்டில் ஓர் இரவு விடுதி எழுகிறது. அங்கிருந்தோர் அதில் ஊழியர்களாகிறார்கள். நான்கில் ஒருவர் வேலையிழந்த ஒரு நாட்டின் துயரம், ஒரு நல்ல மனிதரின் முதலீட்டில் தீர்ந்துவிடுகிறது. பொதுவாகவே இப்படங்களில் பணக்காரர்கள் அசடர்களாக இருப்பார்கள். தீயவர்களாக இருப்பது அரிது. பணக்கார அசட்டுத்தனத்தைக் கண்டு சிரித்துவிட்டு வெளியே வரும் பார்வையாளருக்குக் கோபம் மிஞ்சுவதில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. தொண்ணூறு நிமிடங்கள் ஆணுக்கு நிகராக நிற்கும் பெண், கடைசிப் பத்து நிமிடங்களில் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். 'உமன் ஆஃப் தி இயர்' (1942) படத்தில் கேத்தரின் ஹெப்பர்ன் புகழ்பெற்ற அரசியல் பத்தி எழுத்தாளர். உலக விவகாரங்களை அலசும் அவர், இறுதிக் காட்சியில் காலைச் சிற்றுண்டி சமைக்கத் தெரியாமல் அல்லாடுகிறார். முதலில் எடுக்கப்பட்ட முடிவை மாற்றிப் பின்னர் சேர்க்கப்பட்ட காட்சி அது. 'தி பிலடெல்பியா ஸ்டோரி'யின் தொடக்கத்திலேயே கணவன் மனைவியின் முகத்தில் கைவைத்துக் கீழே தள்ளுகிறான். அதை நாம் நகைச்சுவையாக ரசிக்க வேண்டுமாம். அப்படத்தில் தந்தை ஒருவர் தம் தவறான உறவுக்கே மகளின் அன்பின்மைதான் காரணம் என்று குற்றம் சாட்டுகிறார், மகளும் தலைகுனிகிறாள். 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே'யின் முடிவில்கூடத் தன் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு கணவரின் பின்னால் செல்கிறார் அந்தத் திறமைசாலிச் செய்தியாளர்.

இதைத் திரைக்கதையாசிரியர்களின் குறும்பு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. கணவன், மனைவி இருவரும் மத்திய அரசுப் பணியில் இருந்தால், ஆட்குறைப்பின்போது அவர்களில் ஒருவரையே முதலில் நீக்க வழிவகுத்த சட்டப்பிரிவு அமெரிக்காவில் 1932-இல் வந்தது. வேலையிழந்தவர்களில் பெரும்பாலோர் மனைவியர். 1937-இல்தான் அது நீக்கப்பட்டது. மணமான பெண்களை ஆசிரியர் பணியில் சேர்க்க மறுத்த பள்ளி வாரியங்கள் ஏராளம். எழுத்தர் பணிகளிலும் அந்தத் தடை இருந்தது. இந்தத் 'திருமணத் தடை'களை விரிவாக ஆராய்ந்தவர், 2023-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின். 'வேலையா, திருமணமா' என்ற கேள்வி திரையில் நகைச்சுவை முடிச்சு. திரையரங்கில் அமர்ந்திருந்த பல பெண்களுக்கோ அது பணிவிதி.

மூன்றாவது குறை, பெண்ணின் மறுப்பை மறுப்பாகக் கொள்ளாமை. 'பில்லோ டாக்' (1959) படத்தில் ஒரே தொலைபேசி இணைப்பைப் பகிர்ந்துகொள்ள நேரும் இருவர் சண்டையிட்டுக் காதலர்களாகிறார்கள். தொலைபேசி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நம் தலைமுறைக்கு அந்தப் பற்றாக்குறை நன்கு புரியும். ஆனால், கதாநாயகன் வேறொருவனாக நடித்து அவளை ஏமாற்றுகிறான். முடிவில், மறுக்கும் பெண்ணைப் படுக்கையிலிருந்து தூக்கிக்கொண்டு தெருவழியே நடக்கிறான். அவள் உதவி கேட்கும் காவலர் அவனிடம் நலம் விசாரிக்கிறார். அன்று அரங்கில் எழுந்த சிரிப்பு இன்று எழாவிட்டால், அதை நகைச்சுவை உணர்வின் தேய்வு என்று வருந்த வேண்டியதில்லை.

வயதுக் கணக்கும் விசித்திரமானது. 'சப்ரினா' (1954) படத்தில் 1929-இல் பிறந்த ஆட்ரி ஹெப்பர்னின் காதலர், 1899-இல் பிறந்த ஹம்ஃப்ரி போகார்ட். 'லவ் இன் தி ஆஃப்டர்நூன்' (1957) படத்தில் 1901-இல் பிறந்த கேரி கூப்பர். கதாநாயகர்களுக்கு வயது கூடிக்கொண்டே போக, கதாநாயகியர் மட்டும் இளமையிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

கடைசிக் குறை, திரையில் இல்லாதவர்களைப் பற்றியது. வெள்ளையர், கறுப்பினத்தவர் இடையிலான காதலை அந்த ஒழுக்க விதிகள் வெளிப்படையாகவே தடைசெய்தன. ஆகவே, கறுப்பினக் கலைஞர்கள் பணிப்பெண்களாகவும் ரயில்நிலையச் சுமைதூக்குபவர்களாகவும் மற்றவர்களின் காதலுக்குக் கதவு திறந்துவிட்டார்கள். 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' (1961) படத்தில் ஜப்பானியர் ஒருவரை இழிவான கேலிச்சித்திரமாக்கி நடித்தவர் மிக்கி ரூனி என்ற வெள்ளையர். கலப்பினத் திருமணத்துக்கான தடைகளை அமெரிக்க உச்சநீதிமன்றம் நீக்கியது 1967-இல்தான். யார் யாரைக் காதலிக்கலாம் என்பதில் சமூகம் போட்ட வேலி, காதலைக் கொண்டாடிய படங்களுக்குள்ளும் அசையாமல் நின்றது.

இத்தனை குறைகளையும் பட்டியலிட்ட பிறகு, இப்படங்களைப் பரணில் ஏற்றிவிடலாமா? கூடாது என்பதற்கு இந்த மரபுக்குள்ளிருந்தே ஒரு சான்று உண்டு. அது பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்' (1960).

முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரியும் காப்பீட்டு நிறுவனத்தில் ஓர் எழுத்தர். வாரச் சம்பளம் கைக்கு 94 டாலர் 70 சென்ட். மாத வாடகை 85 டாலர். வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த வீட்டின் சாவியை மேலதிகாரிகளின் இரகசியச் சந்திப்புகளுக்குக் கொடுத்தே பதவி உயர்வு பெறுகிறார். அங்கு வருபவர்களில் ஒருத்தி, தாம் நேசிக்கும் மின்தூக்கி இயக்குநர் என்று பின்னர்தான் தெரிகிறது. மணமான மேலதிகாரியால் ஏமாற்றப்பட்டு அவள் தூக்க மாத்திரைகளை விழுங்குகிறாள். இங்கே பணக்காரர் அசடர் அல்லர். பிறர் வாழ்வைப் பயன்படுத்தி எறிபவர். அதிகாரம் படைத்தவருக்கும் கீழ்ப்பணியாளருக்கும் இடையே 'காதல்' என்ற சொல்லின் பொருளென்ன என்று பணியிடத் துன்புறுத்தலுக்குச் சட்டப் பெயர்கள் வருமுன்பே இப்படம் கேட்டுவிட்டது. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது.

இறுதியில் மேலதிகாரி வீட்டுச் சாவியைக் கேட்கிறார். எழுத்தர் அவரிடம் நீட்டுவது, உயர் அதிகாரிகளுக்கு மட்டுமே உரிய கழிப்பறையின் சாவி. வேலை போகிறது. கடைசிக் காட்சியில் இருவரும் சீட்டாடுவதற்கு உட்காருகிறார்கள்.

பத்தாயிரம் டாலரை மறுத்த செய்தியாளரும், பதவிச் சாவியைத் திருப்பிக் கொடுத்த எழுத்தரும் ஒரே குலத்தவர்கள். விலை பேசக்கூடாத ஒன்று உண்டு என்று இருவரும் அறிந்திருந்தார்கள். ஆனால், முதலாமவர் காதலித்த பெண்ணுக்குக் கோடீஸ்வரத் தந்தை இருந்தார். அதனால் அந்த மறுப்புக்குச் செலவு குறைவு. இரண்டாமவருக்கு அப்படி யாரும் இல்லை. இந்தக் கால்நூற்றாண்டு இடைவெளியில், தன் கணக்கேட்டைத் தானே தணிக்கை செய்துகொள்ள ஒரு கலைவடிவம் கற்றுக்கொண்டதைக் காண்கிறோம்.

பழைய படங்களைப் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்கும் பெரியவர்கள், 'அந்தக் காலம் அப்படித்தான்' என்று சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. தொலைக்காட்சியை அணைக்கவும் வேண்டியதில்லை. அந்த வசனங்களுக்கு வாய்விட்டுச் சிரிக்கலாம். தள்ளிவிடப்பட்ட பெண் எழுந்து நிற்கும்போது, இதற்கு ஏன் சிரிக்க வேண்டும் என்று பேத்தி கேட்டால், படத்தைச் சற்று நிறுத்திவைத்து அவளுக்குப் பதில் சொல்லலாம்.