தறியும் குழலும்: தானே பாடும் கருவிகளின் கதை

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். குழலும் நாகசுரமும் துளைக்கருவிகள். இவற்றை இசைக்க இரண்டு வேண்டும். ஒன்று மூச்சு, மற்றொன்று துளைகளை மூடித் திறக்கும் விரல். இவ்விரண்டையும் ஒரு பொறியிடம் ஒப்படைத்தால் என்ன என்ற வினாவிலிருந்து பிறந்தவையே தானியங்கி இசைக்கருவிகள். மேலைநாட்டுச் சந்தைத் திடல்களில் குடைராட்டினத்தின் அருகே நின்று முழங்கிய 'ஆர்கன்' என்னும் பெருங்குழற்பெட்டி அவற்றுள் தலைசிறந்ததாகும்.

அக்கருவிக்கும் நம் கொங்கு மண்ணுக்கும் என்ன தொடர்பு எனக் கேட்போர் இருக்கலாம். தொடர்பு இரண்டு உண்டு. ஒன்று மைசூர்ப் புலியின் வழியாக வருவது. மற்றொன்று தறியின் வழியாக வருவது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பக்தாதில் ஒரு குழல்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த டெசிபியஸ் என்பார் நீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராகச் செலுத்திக் குழல்களை ஒலிக்கச் செய்தார். மூச்சின் வேலையைப் பொறி ஏற்றது. எனினும் விரலின் வேலை மனிதனிடமே இருந்தது.

அடுத்த பெரும் அடியை எடுத்து வைத்தவர்கள் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த மூன்று உடன்பிறந்தார். முகம்மது, அகமது, அல் ஹசன் என்னும் இவர்களைப் பனூ மூசா, அதாவது மூசாவின் மக்கள் என வரலாறு குறிக்கிறது. பொறிகளைப் பற்றி இவர்கள் எழுதிய 'கிதாபுல் ஹியல்' புகழ் பெற்றது. தானே இசைக்கும் கருவி ஒன்றைப் பற்றித் தனியாகவும் ஒரு நூல் எழுதினர். அக்கருவியில் நீர் காற்றைத் தள்ளும். நீராலேயே ஓர் உருளை சுழலும். உருளையின் மேல் பொருத்திய பற்கள் நெம்புகோல்களை உயர்த்த, அவை குழலின் துளைகளைத் திறக்கும். வேண்டும் பண்ணுக்கேற்பப் பற்களை அமைத்துக்கொள்ளலாம். இசையைப் பொருள் ஒன்றின் மேல் பதித்து வைத்து, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யலாம் என்னும் எண்ணம் இங்கே தெளிவுறக் காணப்படுகிறது. 1206-இல் தம் பொறியியல் நூலை முடித்த அல் ஜஸரியும் இசைக்கும் பதுமைகளை அமைக்கும் முறையை விளக்கியுள்ளார்.

திப்புவின் புலி

இந்திய மண்ணில் உருவான காற்றிசைப் பொறிகளுள் உலகப் புகழ் பெற்றது திப்பு சுல்தானின் மரப்புலியாகும். ஐரோப்பிய வீரன் ஒருவனை வீழ்த்தி அவன் மேல் பாய்ந்து நிற்கும் புலியின் வடிவம் அது, ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளமுடையது. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கும். புலி உறுமும், வீரன் அலறுவான், அவன் கை எழுந்து தாழும்.

புலியின் உறுமலைப் பேசுவோர் பலர்; அதன் உடலுக்குள் இருக்கும் இசையைப் பேசுவோர் சிலரே. புலியின் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் தந்தத்தாலான 18 சுரக்கட்டைகள் தென்படும். அவற்றுக்குரிய பித்தளைக் குழல்கள் உள்ளே அணிவகுத்துள்ளன. ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற மற்றொருவர் கட்டைகளை அழுத்தி வாசிக்கலாம். ஆகவே இது வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. முறையான ஆர்கனே ஆகும். நாம் நன்கறிந்த ஆர்மோனியத்தில் உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. ஆர்கனிலோ குழலே பாடுகிறது. வேறுபாடு இதுதான்.

1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்திலேயே உயிர் துறந்தார். அரண்மனையின் இசைக்கூடத்தில் இருந்த புலி கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்குச் சென்றது. கோயம்புத்தூர்ப் பகுதியும் அதே ஆண்டில் அவர்கள் கைக்கு மாறியது. 1808 முதல் இலண்டனில் கம்பெனியின் மாளிகையில் புலி காட்சிக்கு வைக்கப்பட்டது. வந்தோர் எல்லாம் கைப்பிடியைச் சுழற்றியதால் அங்குள்ள நூலகத்தில் படிப்போருக்கு அது பெருந்தொல்லையாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது சிதைவுற்றுப் பின்னர்ச் செப்பனிடப்பட்ட அது, இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கிறது.

உருளையின் எல்லை

புலிக்கு விரல் வேண்டும். பனூ மூசாவின் கருவிக்கு வேண்டியது உருளை. ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் பெருகிய தெருப்பாடகரின் ஆர்கன்கள் இவ்வுருளை முறையையே கையாண்டன. மர உருளையில் ஊசிகளை அடித்திருப்பர். சிறிய ஊசி குறுகிய ஒலியையும், நீண்ட கம்பி நெடிய ஒலியையும் தரும். குறிலும் நெடிலும் போல எனக் கொள்ளலாம்.

ஆயின் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. உருளை ஒருமுறை சுழன்றதும் பாட்டு முடிந்துவிடும். நீண்ட பாட்டுக்குப் பெரிய உருளை வேண்டும். புதிய பாட்டுக்குப் புதிய உருளையே செதுக்க வேண்டும். இதன் செலவும் சுமையும் மிகுதி.

தறி தந்த அட்டை

இச்சிக்கலுக்குத் தீர்வு நெசவிலிருந்து வந்தது. அதிலும் ஒரு வியப்பு உண்டு. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்துப் பட்டு நெசவில் 1725-இல் துளையிட்ட தாளைப் புகுத்திய பசீல் பூசோன், ஆர்கன் செய்பவரின் மகன் என்பர். உருளையில் ஊசி அடிக்கும் இடங்களைத் தாளில் குறித்துக்கொள்ளும் தந்தையின் தொழில்முறை அவருக்கு வழிகாட்டியிருக்கலாம். அவருக்குப் பின் பால்கன் தாளுக்கு மாற்றாக அட்டையைக் கொண்டுவந்தார். குழலூதும் பதுமையைச் செய்து புகழ் பெற்ற வோக்கான்சோனும் தறியைத் திருத்தினார். இவற்றையெல்லாம் ஒருங்கிணைத்து 1804-இல் ஜக்கார்டு தம் பொறியை நிறைவுறச் செய்தார்.

சென்னிமலை, சிறுமுகை நெசவாளர்களுக்கு ஜக்கார்டு பெட்டி புதிதன்று. அட்டையில் துளை இருந்தால் ஊசி உட்புகும், கொக்கி உயரும், பாவு இழை மேலெழும். துளை இல்லையேல் இழை கீழே தங்கும். ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் ஊடை. இவ்வாறு பூவும் கொடியும் துணியில் மலர்கின்றன.

1892-இல் பாரிசு நகரத்துக் காவியோலி நிறுவனத்தைச் சேர்ந்த அன்செல்ம் காவியோலி இம்முறையை ஆர்கனுக்குப் பொருத்தி உரிமம் பெற்றார். மடிப்பு மடிப்பாக அமைந்த அட்டை ஏடு கருவிக்குள் ஓடும். துளை வந்ததும் சிறு நெம்புகோல் எழுந்து காற்றடைப்பைத் திறக்க, குழல் ஒலிக்கும். துளை அமைந்த வரிசை சுரத்தைக் காட்டும். துளையின் நீளம் காலத்தைக் காட்டும். முரசுக்கும் மணிக்கும் தனித்தனி வரிசைகள் உண்டு. பாட்டு எவ்வளவு நீண்டாலும் ஏட்டை நீட்டிக்கொள்ளலாம். ஆர்கன் தறிக்குக் கொடுத்ததைத் தறி ஆர்கனுக்குத் திருப்பித் தந்தது எனலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 1890-இல் அமெரிக்காவில் பயன்பட்ட துளையட்டையும், அதன்பின் வந்த கணினியும் இவ்வழியில் வந்த உறவினரே.

சந்தைத் திடலில்

பாரிசு நகரிலும், ஜெர்மனியின் வால்ட்கிர்ச் ஊரிலும், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரிலும் இக்கருவிகள் செய்யப்பட்டன. ஊர் ஊராகச் செல்லும் கேளிக்கைக் குழுவினர் நீராவிப் பொறியால் ராட்டினத்தையும் ஆர்கனையும் இயக்கினர். இசையரங்கின் கட்டணத்தைத் தர இயலாத உழைப்பாளி, புகழ் பெற்ற நாடக இசையையும் புதிய நடனப் பாட்டையும் முதன்முதலில் கேட்டது பெரும்பாலும் சந்தைத் திடலில்தான். முதல் உலகப்போரும், அதன்பின் வந்த ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் இத்தொழிலை வீழ்த்தின. நம் தேர்த்திருவிழாக்களில் நையாண்டி மேளத்தின் இடத்தை ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டதை ஈண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எனினும் அந்த ஆர்கன்கள் முற்றிலும் மறையவில்லை. அட்டை ஏடுகளைக் குப்பை என எண்ணாமல் காத்தவர்கள் இருந்தனர். ஆதலின் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகர அருங்காட்சியகத்தில் அவை இன்றும் பாடுகின்றன.

முடிவுரை

திருப்பூர்ப் பகுதியில் இன்று பனியன் லேபிள் நெய்யும் தறி, கணினி ஜக்கார்டின் கட்டளைக்கு இயங்குகிறது. கணினி எம்பிராய்டரிக்கு வடிவம் அமைப்பதை இன்றும் 'பஞ்சிங்' என்றே அழைக்கின்றனர். துளையிடும் வேலை போய்விட்டது. துளையின் பெயர் மட்டும் நிற்கிறது. கைத்தறி வீடுகளிலோ பழைய அட்டைக் கட்டுகள் பரணில் உறங்குகின்றன. அவற்றைப் பழைய தாள் விலைக்குப் போடுவது எளிது. ஆனால் ஒவ்வொரு கட்டும் ஒரு கலைஞன் எழுதிய ஏடாகும். அது போனால் அந்த வடிவமும் போகும். பாவு, ஊடை, விழுது, நாடா என அதனோடு வாழ்ந்த சொற்களும் போகும்.

ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டிய தமிழறிஞர்களின் வழிவந்தவர்கள் நாம். மாணவச் செல்வங்கள் விடுமுறையில் ஒரு நெசவாளர் இல்லத்துக்கேனும் சென்று, ஓர் அட்டைக் கட்டையேனும் பார்த்து, அது எந்தத் துணிக்கு, எவர் வரைந்தது, எந்த ஆண்டினது எனக் குறித்து வருவார்களாயின், அதுவே நல்லதோர் ஆய்வின் தொடக்கமாகும். மரப்புலியைக் காண இலண்டன் செல்ல வேண்டும். அட்டை ஏட்டைக் காண நம் அடுத்த தெருவுக்குச் சென்றால் போதும்.