இரண்டாம் முறை வாசலில் நிற்கும்போது

முதல் முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் வாக்குறுதி இருக்கும், நோட்டீஸ் இருக்கும். கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டாம் முறை அப்படிப் போக முடியாது. "தம்பி, போன தடவை இந்தத் திண்ணையில உக்காந்துதானே குழாய் போட்டுத் தர்றேன்னு சொன்னே? குழாய் வந்துச்சு. தண்ணி எங்கே?" என்று ஒரு பெரியம்மா கேட்டே தீருவார். எம்.எல்.ஏ.வை இப்படி நிறுத்தி வைத்துக் கேட்க வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஊராட்சி மன்றத் தலைவர் அதே தெருக்காரர். காலையில் டீக்கடையில் பார்த்தாக வேண்டும், துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பதில் சொல்லாமல் ஓடி ஒளிய அவருக்கு இடமில்லை. நம் நாட்டு ஜனநாயகத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான். அந்தக் காட்சியை நம் கிராமங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

நான் குடியிருப்பது அண்ணனூரில். மின்சார ரயில் பணிமனை இருக்கிற ஊர். ஆவடி மாநகராட்சிக்குள் இருப்பதால் 2022 பிப்ரவரி 19 அன்று, மாநகராட்சியின் 48 வார்டுகளுக்கும் நடந்த தேர்தலில் நாங்களும் ஓட்டுப் போட்டோம். எங்களுக்குப் பக்கத்திலேயே அயப்பாக்கம். அடுக்குமாடிகள் வந்துவிட்ட பிறகும் அது ஊராட்சியாகவே இருந்தது. நடந்து போகிற தூரத்தில் இரண்டு வகை உள்ளாட்சி.

இங்கிருந்து ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. அதுவும் எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். கோட்டைக்குப்பம், தாங்கல்பெரும்புலம் என்று அந்தக் கரையில் சின்னச் சின்ன ஊராட்சிகள். கடலோரத்தில் தலைவராக இருப்பவரின் பாடு தனி. ஊரை வாட்டுகிற பெரிய பிரச்சினைகள் எதுவும் அவர் கைக்குள் இல்லை. முகத்துவாரம் தூர்ந்து போனால் படகு போக வழியில்லை. அதைத் தூர்வார அரசாங்கம் வர வேண்டும். துறைமுகம் வருவதும் விரிவதும் எங்கோ முடிவாகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் அரசு ஆணைப்படி நடக்கிறது. தலைவர் கையில் இருப்பது குடிநீர், தெருவிளக்கு, குப்பை, சுடுகாட்டுப் பாதை, ஊரக வேலைத் திட்டம். இவ்வளவுதான். ஆனால் ஓட்டுக் கேட்டுப் போகும்போது கடல் கரையை அரித்ததற்கும் சேர்த்து அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதோடு முடியவில்லை. மீனவர் குப்பங்களில் சட்டம் சொல்கிற ஊராட்சிக்கு முன்பிருந்தே ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைக்கிற 'பாடு' வழக்கம் தலைமுறை தலைமுறையாக வருவது. கடலில் தகராறு வந்தால் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தார்தான். அதன் ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே பெண்களுக்கு நாற்காலி கிடையாது. மீனை ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து, விற்று, வட்டி கட்டி, வீட்டை நடத்துகிறவள் அந்தக் கூட்டத்தில் ஓரமாகக்கூட உட்கார முடியாது. அவளுக்கு முதன்முதலாக ஊர் நாற்காலி ஒன்றைக் கொடுத்தது 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். முதலில் மூன்றில் ஒரு பங்கு இடம், 2016-க்குப் பிறகு சரிபாதி.

இங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சில மாநிலங்களில் இட ஒதுக்கீடு ஒவ்வொரு தேர்தலுக்கும் சுழன்றுவிடும். இந்த முறை பெண்களுக்கு என்று ஒதுக்கிய ஊர் அடுத்த முறை பொதுவாகிவிடும். ஜெயித்த பெண் வேலையைக் கற்று முடிப்பதற்குள் வீட்டுக்கு அனுப்பப்படுவாள். தமிழ்நாட்டில் ஒதுக்கீடு பத்தாண்டுக்கு ஒருமுறைதான் சுழல்கிறது. ஒரே ஒதுக்கீட்டில் இரண்டு தேர்தல். முதல் முறை கணவர் பேரைச் சொல்லி ஜெயித்தவர்கூட, இரண்டாம் முறை தன் பேரில் நின்று பார்க்கலாம். பெண்கள் தலைமையேற்ற ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவானதை மேற்கு வங்கத்தில் ராகபேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் ஆய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். உப்புத் தண்ணீரோடு மல்லாடுகிற கடலோர ஊர்களுக்கு இது ஏட்டுச் செய்தி இல்லை.

ஒரு கடலோர ஊராட்சியால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நாகை மாவட்டத்து நாலுவேதபதியைச் சொல்வேன். 2002 டிசம்பர் 2 அன்று அந்த ஊர் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டு கின்னஸ் சாதனை படைத்தது. சாதனைக்காக நட்டதுதான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது, அந்தச் சவுக்குத் தோப்பு அலையின் வேகத்தை மட்டுப்படுத்தியது. சுற்றுவட்டாரத்தில் மற்ற ஊர்கள் கண்ட அழிவை அந்த ஊர் காணவில்லை. அடுத்த ஊராட்சித் தேர்தல் 2006-ல் வந்தது. மரம் வைத்தவர்களைப் பற்றி ஓட்டுப் பெட்டியில் கருத்துச் சொல்ல ஊருக்கு ஒரு நாள் கிடைத்தது. அப்போதெல்லாம் 1996, 2001, 2006, 2011 என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த நாள் தவறாமல் வந்தது.

எங்கள் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. பூந்தமல்லியைத் தாண்டினால் குத்தம்பாக்கம். புதுப் பேருந்து முனையத்தால் இன்று எல்லாருக்கும் தெரிந்த பெயர். மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்த இளங்கோ ரங்கசாமி வேலையை விட்டுவிட்டு, 1996-ல் அங்கே தலைவரானார். தலித் குடும்பத்தில் பிறந்தவர். கழிவுநீர்க் கால்வாய் கட்ட, பக்கத்துத் தொழிற்சாலைகள் வீசியெறிந்த கருங்கல் துண்டுகளைப் பயன்படுத்தினார். செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. மதிப்பீட்டில் உள்ளபடி செய்யவில்லை என்று அவர் மீதே நடவடிக்கை வந்தது. பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். கிராம சபை அவர் பக்கம் நின்றது, பதவி திரும்ப வந்தது. தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளோடு அங்கே சமத்துவபுரம் எழுந்தது. 2001-ல் மறுபடி நின்றார், ஜெயித்தார். அவர் மீது குற்றம் சொன்ன கோப்புக்கு ஊர் கொடுத்த பதில் அந்த இரண்டாவது வெற்றி. அந்தத் தேர்தல் தள்ளிப்போயிருந்தால் கோப்பு சொன்னதுதான் கடைசி வார்த்தையாக நின்றிருக்கும்.

ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்தோம்? 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீட்டுக் குறைபாடு தொடர்பான வழக்கில் அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் நடத்தியிருக்கலாம். மூன்று ஆண்டுக்கு மேல் இழுத்தது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30-ல் நடந்தது. கோவளம் போன்ற செங்கல்பட்டு மாவட்டத்துக் கடலோர ஊர்களுக்கு 2021 அக்டோபர்தான். 2020 ஜனவரி 6-ல் பதவியேற்றவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதற்குள் மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. கிருமிநாசினி தெளிப்பதிலும் அரிசி கொடுப்பதிலும் ஓடியது காலம். 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தது. 2019-ல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 9,624 ஊராட்சிகள், 314 ஒன்றியங்கள். எல்லாம் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அந்த ஆண்டு முழுக்கத் தேர்தல் நடக்கவில்லை.

தனி அலுவலர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தனி அலுவலராகிற வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் சராசரியாக முப்பது ஊராட்சிகளைப் பார்க்க வேண்டும். மோட்டார் கெட்டுப்போனால் இரவில் அவரை எழுப்ப முடியுமா? "அண்ணே, லைட்டு எரியல" என்று அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா? முக்கியமாக, அவர் யார் வாசலிலும் வந்து மறுபடி ஓட்டுக் கேட்கப் போவதில்லை. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

உத்தரமேரூர் கல்வெட்டைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். குடவோலை முறையைச் சொல்கிற, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. அந்தணர் சபை. பெண்களுக்கும் உழைத்தவர்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதில் ஒரு விதி மட்டும் என் மனதை விட்டுப் போவதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி குடத்தில் போடக்கூடாது. அவர் உறவினர் பெயரையும் போடக்கூடாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மறுதேர்வையும் கணக்கையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார்கள்.

இன்று அந்த முடிச்சை அவிழ்ப்பவர்கள் பலர். தலைவர் பதவிக்கு வைப்புத்தொகை 600 ரூபாய், செலவு வரம்பு 34,000 ரூபாய் என்று 2019-ல் விதி இருந்தது. அந்தத் தேர்தலில்தான் பண்ருட்டி பக்கத்து நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. அந்தப் பணத்தைக் கோயிலுக்குத்தானே கொடுக்கிறார், ஊருக்கு நல்லதுதானே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது லட்சம் கொடுத்தவரிடம் தண்ணீர் எங்கே என்று எந்தப் பெரியம்மா கேட்க முடியும்? அவர் வாங்கியது பதவியோடு, கேள்வி கேட்கப்படாத ஐந்து ஆண்டையும்தான். 'ஒருமனதாக' என்ற அழகான சொல்லுக்குள் இந்த வியாபாரத்தை ஒளிக்கக்கூடாது.

ஊராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும், கையில் நான்கு நிறத்தில் சீட்டு கொடுப்பார்கள். பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கு. தலைவருக்கு ரோஸ். அதில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரி ஏதோ ஒன்று. மறுபடி நிற்பவருக்குப் போன தடவைச் சின்னமே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. சின்னம் மாறும், ஆள் மாறமாட்டார். ஊர் அந்த மனிதரையும் அவர் போட்ட குழாயையும் எடை போட்டுத்தான் முத்திரை குத்துகிறது.

பழவேற்காட்டுக் கரையானாலும், அயப்பாக்கம் மாதிரி நகரத்தோடு ஒட்டிய ஊரானாலும், ஊராட்சியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கிராம சபைக்கு உரியவை. அடுத்து வருகிற நாளில் நேரில் போங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊராட்சி தனி அலுவலர் கையில் இருந்தால், தேர்தல் எப்போது என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.