கவுண்ட் குறைந்தால் கஷாயமா?

எதிர்வீட்டு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டாவது கீமோ முடிந்து அன்று ஒன்பதாம் நாள். பார்க்கப் போனால் டீபாயில் டம்ளர் வைக்க இடமில்லை. அமுக்கரா சூரணம், சீந்தில் மாத்திரை, குர்குமின் கேப்ஸ்யூல், பாட்டிலில் பப்பாளி இலைச் சாறு.

“வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு வெச்சிட்டுப் போறாங்க. எதிர்ப்பு சக்தி ஏறுமாம். நீதான் பத்திரிகையில எழுதுறியே, சொல்லு. எதைக் குடிக்கட்டும்?”

அவர் மகள் பாட்டில்களைத் தள்ளிவிட்டு இஞ்சி டீயை வைத்தாள்.

“எதிர்ப்பு சக்தின்னா என்னன்னு நெனச்சிருக்கீங்க, அக்கா?”

“தொட்டித் தண்ணி மாதிரி. கீமோ போட்டா வத்திடுது. ஊத்தி ரொப்பணும்.”

பலர் மனதிலும் இருப்பது இந்தத் தொட்டிதான். ஆனால் உடம்பில் அப்படி ஒன்று கிடையாது. பலவகை அணுக்கள் பங்கு போட்டுக்கொண்டு செய்கிற வேலைக்குத்தான் அந்தப் பெயர். கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கும். புற்று செல் அப்படிப் பெருகுவது. முடிவேரும் அப்படித்தான், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களும் அப்படித்தான். அதனால்தான் முடியும் கொட்டுகிறது, கவுண்டும் இறங்குகிறது.

முக்கியமாக இறங்குவது நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு. பாக்டீரியா நுழைந்தால் முதலில் ஓடி வருவது அதுதான். பெரும்பாலான கீமோ மருந்துகளில், போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் அது அடிமட்டத்துக்குப் போய், பிறகு தானாக ஏறும். இரண்டு கீமோவுக்கு நடுவே இடைவெளி விடுவது இதற்காகவும்தான். ரொம்ப இறங்கும் அபாயம் இருந்தால் ஃபில்கிராஸ்டிம் ஊசி போடுவார்கள். அது மஜ்ஜையிடமே போய், ‘அணுவை உண்டாக்கு’ என்று சொல்லும் மருந்து. அந்த ஊசியின் இடத்தில் வைக்கத்தக்க கஷாயம் எதுவும் இல்லை. பப்பாளி இலை டெங்குக் காலத்தில் தட்டணுவுக்காகப் பேர் வாங்கியது. அக்காவின் ரிப்போர்ட்டில் தட்டணு சரியாகவே இருந்தது.

“குடிச்சா கெடுதலா?”

சில கெடுதல்தான். கொரோனா சமயத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பல கீமோ மருந்துகளைக் கையாள்வதும் அதே கல்லீரல்தான். அது கோளாறானால் அடுத்த கீமோ தள்ளிப்போகும்.

“அப்போ ராத்திரி குடிக்கிற மஞ்சள் மிளகுப் பாலும் கூடாதா?”

நல்ல கேள்வி. கீமோ முடிந்ததும் அக்கா டமாக்ஸிஃபென் மாத்திரை தொடங்க வேண்டும். அது உடம்புக்குள் எண்டாக்ஸிஃபெனாக மாறித்தான் முழு வேலை செய்கிறது. நெதர்லாந்தில் 2019-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு தினம் 3.6 கிராம் குர்குமினும் மிளகுச் சத்தும் கொடுத்தார்கள். எண்டாக்ஸிஃபென் அளவு சுமார் 12 சதவீதம் குறைந்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். 3.6 கிராம் வேண்டுமென்றால் நூறு கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும். யாரும் அப்படிப் பால் காய்ச்சுவதில்லை. ஆக, சிட்டிகை மஞ்சள் சமையல், கேப்ஸ்யூல் மருந்து. மருந்தென்றால் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

“அப்போ இங்கிலீஷ் மருந்தைத் தவிர எதுவுமே வேண்டாம்ங்கிற.”

அப்படியில்லை. ‘துணை’ வேறு, ‘மாற்று’ வேறு. சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வழியில் மட்டும் போன மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு, சாவதற்கான அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் இருந்ததாக யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-இல் எழுதினார்கள். அதே 2018-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம், சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம் என்று சிலவற்றை ஏற்றுக்கொண்டது. மனப்பதற்றத்துக்கு யோகா, தியானம், இசை. சோர்ந்த மனசுக்கு மசாஜும் உண்டு. குமட்டலுக்கு, வாந்தி மருந்தோடு சேர்த்து அக்குபிரஷர். இவற்றை அந்தப் பட்டியல் பரிந்துரைப்பது அன்றாடப் பாட்டைக் கொஞ்சம் லேசாக்குவதற்கு. கவுண்டை ஏற்றுவதற்கு அல்ல.

ஓஹையோவில் சிகிச்சை முடித்த 200 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்து, 2014-இல் வெளியானது. வாரம் இரண்டு நாள், 12 வாரம் ஹடயோகா. வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், யோகா செய்தவர்களின் அசதி மற்றவர்களைவிட 57 சதவீதம் குறைவு. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சில அளவுகளும் இறங்கியிருந்தன. எதிர்ப்பு சக்தி என்றால் ஏற வேண்டும் என்றே நினைக்கிறோம். இங்கே இறங்கியதுதான் நல்லது.

“கையை நீட்டுங்க, அக்கா.” மணிக்கட்டு மடிப்பில் என் மூன்று விரலைப் படுக்க வைத்தேன். அதற்கு மேலே, உள்பக்கம், இரண்டு நரம்பு மாதிரித் தெரிகிற தசைநாண்களுக்கு நடுவில் ஒரு பள்ளம். “குமட்டும்போது இங்க கட்டைவிரலால ரெண்டு மூணு நிமிஷம் அழுத்துங்க.” அழுத்திப் பார்த்தார். “நோகுது” என்றார். “அவ்வளவு பலமா வேண்டாம்.”

“ஆபரேஷன்ல அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையால அம்மாவைத் தண்ணிக் குடம்கூடத் தூக்க விடறதில்ல, சித்தி. வீங்கிடுமாமே?” என்றாள் மகள். ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2009-இல் வெளியானது. சொல்லிக்கொடுத்தபடி, வாரம் இருமுறை, மெல்ல மெல்ல எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதுகூடக் குறைவாகத்தான் இருந்தது. நாளைக்கே குடத்தைத் தூக்கச் சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு, சின்ன எடையில் தொடங்கலாம்.

“சரி, இதையெல்லாம் என்ன பண்றது?” டீபாயைக் காட்டினார் அக்கா.

“திறக்காம ஒரு பையில போட்டு அடுத்த முறை டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒண்ணொண்ணுக்கும் ‘இது எதுக்கு’ன்னு கேளுங்க. ஆமா, தெர்மாமீட்டர் எங்கே?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இன்னிக்கு ஒன்பதாம் நாள். கவுண்ட் இறங்குற வாரம். நூத்தி ஒண்ணெல்லாம் வர வேண்டாம், நூறு புள்ளி நாலு வந்தாலே ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். பாராசிட்டமால் போட்டு விடியட்டும்னு படுக்கக்கூடாது.”

பேத்தி பிறந்தபோது வாங்கியது ஒன்று பீரோவில் கிடைத்தது, பேட்டரி செத்திருந்தது. மகள் மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பினாள். போகிற வழியில் பப்பாளிச் சாற்றை மட்டும் சிங்க்கில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.