பல்குரல்: யாருக்கு எந்தக் குரல்?

நமது சிறுபத்திரிகைச் சூழலில் 'பல்குரல்தன்மை' நன்றாகவே புழங்கிவிட்ட சொல். 1929இல் தாஸ்தாயெவ்ஸ்கி பற்றிய நூலில் பக்தின் அதை உருவகமாகவே எடுத்தாண்டார். எடுத்த இடம் ஐரோப்பிய இசை. அதைக் கேட்டுவிட்டுப் பேசலாமே என்றுதான், பாஹின் 'மத்தேயு பாடுகள்' பதிவைக் காட்டூரில் என் அறையில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட் 1970இல் பதிவு செய்தது.

1727இல் லைப்சிக் தோமா ஆலயத்தில் பெரிய வெள்ளியன்று முதலில் பாடப்பட்ட படைப்பு. இரண்டு பாடகர் குழு, இரண்டு வாத்தியக் குழு. நம் கச்சேரியில் பாடுகிறவர் முன்னால் போவார், வயலின் பின்தொடரும். இங்கே ஒரே நேரத்தில் நாலு குரலும் நாலு வழியில் நகர்கின்றன. நடுநடுவே சபையார் அறிந்த எளிய மெட்டுகள் வரும். அவற்றில் ஒன்று ஐந்து முறை திரும்புகிறது; ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட காதல் பாட்டின் மெட்டு அது. இயேசு உயிர்விட்டதும் வருகிற ஐந்தாம் முறையிலும் மேல்குரலில் அதே மெட்டுதான். ஆனால் கீழ்க்குரல்கள் நகர்கிற விதத்தில் அதன் பொருளே இருண்டுபோகிறது.

சரி, அதனால் இது சமத்துவத்தின் இசையாகிவிடுமா? ஹார்னன்கோர்ட் அக்கால வாத்தியங்களைக் கொண்டுவந்தார். பெண்குரல் ஒன்றுகூட இல்லை, உச்சக்குரலைச் சிறுவர்கள் பாடுகிறார்கள். பாஹின் ஆலயப் பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை. 'அசல்' தேடிப் போனால் விலக்கலும் அசலாகவே திரும்பி வருகிறது. காவிரிக்கு அந்தப் பக்கம் திருவரங்கத்தில், ஆண்டாள் பாசுரங்களும் அடங்கிய பிரபந்தத்தைப் பாடும் அரையர் சேவை ஆண்களுக்கே உரியது.

இம்மெட்டுகள் நமக்கும் அந்நியமல்ல. 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடி வந்தார். 1715இல் ஜெர்மன் மெட்டுகளுக்குத் தமிழ்ச்சொல் அமைத்த பாட்டுப்புத்தகம் அங்கே அச்சாயிற்று. திருச்சி தரங்கைவாசத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இவற்றை ஞானப்பாட்டு என்று இன்றும் பாடுகிறது. ஹாஸ்லர் மெட்டும் அதில் உண்டு. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு மிஷன் ஆலயத்தில் சூத்திரர் எனப்பட்டோரும் பறையரும் தனித்தனியாக உட்கார்ந்துதான் பாடினார்கள்.

ஒரு நாவலில் சேரிப்பேச்சு நாலு பக்கம் வந்துவிட்டால் பல்குரல் என்று எழுதிவிடுகிறோம். அந்தக் குரல், பாஹின் கீழ்க்குரல் மாதிரி, மேலே போகிற மெட்டின் பொருளை மாற்றுகிறதா? இல்லை, தனியாக உட்காரவைக்கப்பட்டு அதே மெட்டைக் கூடப் பாடுகிறதா? விமர்சனம் கேட்கவேண்டியது இதைத்தான்.