உங்களுக்குத் தெரியுமா? நூலக வரியும் பொதுப் பட்டறையும்

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் நெடுமுயற்சியால் 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும். அதன்படி இன்று சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளை உள்ளடக்கிய காஞ்சிபுரம் மாவட்டத்தில், மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உரியது. நூலகம் என்பது சலுகையன்று, மக்கள் தம் பணத்தால் தாமே நடத்திக்கொள்ளும் உரிமை. அவ்வுரிமை நூலோடு நிற்கவேண்டியதில்லை என்பதற்கு, அமெரிக்காவின் ஃபேயட்வில் பொது நூலகம் 2011இல் தொடங்கிய ஆக்கக்கூடம், அதாவது முப்பரிமாண அச்சுப்பொறி போன்ற கருவிகளைப் பொதுமக்கள் தாமே இயக்கிப் பழகும் பட்டறை, சான்றாகும். காரும் கைப்பேசியும் உருவாகும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில், ஆலை வாயிலுக்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்கு அத்தகைய கூடம் மிகவும் தேவை. அதற்கேற்ற இடம் ஊர்ப்புற நூலகமே.